ஆயில் மாற்றியாச்சு, சர்வீஸ் விளக்கு அணையவில்லை: எந்த வழியில் ரீசெட் செய்வது?

புது ஆயில் ஊற்றி, ஃபில்டரும் மாற்றி, அடியில் ஒழுகல் இல்லை என்று குனிந்து பார்த்துவிட்டு இக்னிஷனைப் போட்டால் மீட்டரில் அதே அறிவிப்பு, சர்வீஸ் நேரம் வந்துவிட்டது என்று. வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, நீங்கள் ஆயில் மாற்றிய சேதியே அதற்குத் தெரியாது. ஆயில் அழுத்தம் எவ்வளவு, சில கார்களில் ஆயில் மட்டம் எவ்வளவு என்று பார்க்க சென்சார் உண்டு. ஆனால் உள்ளே இருப்பது நேற்று ஊற்றியதா, போன வருஷம் ஊற்றியதா என்று கண்டுபிடிக்கும் சென்சார் பெரும்பாலான கார்களில் கிடையாது. ஓடிய தூரம், போன நாட்கள், இன்ஜின் சுற்றிய சுற்று, சூடு என்று ஏதோ ஒரு கணக்கை வண்டி தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கை முதலிலிருந்து ஆரம்பி என்று சொல்வதுதான் ரீசெட், வேறொன்றும் இல்லை.

அதைச் சொல்ல நாலைந்து வழி இருக்கிறது. நாமே பட்டனை அழுத்திச் செய்யலாம், ஸ்கேனர் வாங்கிச் செய்யலாம், மெக்கானிக்கிடமோ சர்வீஸ் சென்டரிலோ சொல்லலாம், எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டு நோட்டில் குறித்துக்கொள்ளலாம். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வழி சுலபம் என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வண்டி எந்தக் கணக்கை வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு காரில் விளக்கை அப்படியே விட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இன்னொரு காரில், குறிப்பாகச் சில டீசல்களில், ஆயில் மாற்றியதைச் சொல்லாமல் விடுவது இன்ஜின் கம்ப்யூட்டரிடமே தப்பான தகவலைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பேட்டரி கதையை இப்போதே முடித்துவிடலாம். பெரும்பாலான கார்களில் சர்வீஸ் கணக்கு கரண்ட் போனாலும் அழியாத மெமரியில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் ஓடோமீட்டர் பூஜ்யத்துக்குப் போவதில்லை அல்லவா, அதே காரணம்தான். கழற்றினால் போகிறது என்னவென்றால் கடிகார நேரம், ரேடியோ செட்டிங், சில கார்களில் பவர் விண்டோ ஒரே தொடலில் ஏறி இறங்கும் வசதி, இன்ஜின் பழகி வைத்திருந்த ஐடில் அளவு. சர்வீஸ் அறிவிப்பு மட்டும் அப்படியே இருக்கும். இந்த வழியை விட்டுத்தள்ளுங்கள்.

முதலில் எந்த விளக்கு என்று பாருங்கள்

ரீசெட் செய்யக் கிளம்புவதற்கு முன்னால் எரிவது சர்வீஸ் விளக்குதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சிவப்பில் ஆயில் கேன் படம் எரிந்தால் அது ஆயில் அழுத்தம் போய்விட்டது என்ற எச்சரிக்கை. உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும், அங்கே ரீசெட் பேச்சுக்கே இடமில்லை. ஆயில் மாற்றிய கையோடு இது எரிந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, டிரெய்ன் போல்ட் இறுகவில்லை, ஆயில் குறைவாக ஊற்றியிருக்கிறது என்று ஏதாவது இருக்கும். மஞ்சளில் இன்ஜின் வடிவம் எரிந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு ஃபால்ட் கோடு (கோளாறுக்கான குறியீட்டு எண்) பதிந்திருக்கிறது என்று அர்த்தம், அது வேறு சமாச்சாரம். ஸ்பானர் படம்தான் பலரும் சர்வீஸ் என்று நினைப்பது, பல கார்களில் அது சரியும்கூட. ஆனால் பல ஃபோர்டு மாடல்களில் மஞ்சள் ஸ்பானர் எரிந்தால் இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ் பக்கம் கோளாறு என்று அர்த்தம், ஆயில் மாற்றச் சொல்லும் செய்தி எழுத்தில் தனியாக வரும். எனவே மேனுவலில் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ரீசெட் முறையும் பெரும்பாலும் அதற்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

வண்டி எதை எண்ணுகிறது

எளிய வகை வெறும் கவுன்டர். இத்தனை தூரம் ஓடினால் விளக்கைப் போடு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அமெரிக்காவில் விற்ற பல டொயோட்டா கார்களில் இருந்த பராமரிப்பு விளக்கு இந்த ரகம்: 4500 மைலில் கொஞ்சம் மினுக்கிக் காட்டும், 5000 மைலைத் தாண்டினால் நிலையாக எரியும். நீங்கள் மலை ஏறினீர்களா, நெரிசலில் நின்று நின்று போனீர்களா என்ற கவலை அதற்கு இல்லை. தூரத்தோடு மாதக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் கார்களும் இதே குடும்பம்தான்.

அடுத்த வகை கணக்குப் போடும் வகை. ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1980களின் கடைசியிலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. அதிலும் ஆயிலைச் சோதிக்கும் கருவி எதுவும் இல்லை. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, அப்போது ஆயில் எந்தச் சூட்டில் இருந்தது என்பதை வைத்து ஆயிலின் மிச்ச ஆயுளைச் சதவீதமாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடும் குட்டிப் பயணங்களும், கடும் சூட்டில் பாரம் இழுப்பதும் சதவீதத்தை வேகமாக இறக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனால் மெதுவாக இறங்கும். ஹோண்டாவின் மெயின்டெனன்ஸ் மைண்டர் இதே யோசனைதான், 15 சதவீதத்தில் சர்வீஸ் வருகிறது என்று சொல்ல ஆரம்பித்து 5 சதவீதத்தில் இப்போதே செய் என்று சொல்லும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களின் லாங்லைஃப் முறையும் பிஎம்டபிள்யூவின் நிலைசார்ந்த சர்வீஸ் முறையும் கிட்டத்தட்ட இந்த ஜாதி.

இந்தக் கணக்கு ஒன்றை நம்பித்தான் ஓடுகிறது: கம்பெனி சொன்ன தரத்தில் உள்ள ஆயில்தான் உள்ளே இருக்கிறது என்பதை. நீங்கள் வேறு தரத்தில் ஊற்றிவிட்டு ரீசெட் செய்தால் திரையில் வரும் 100 சதவீதம் அந்த ஆயிலுக்கானது இல்லை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது, டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி) உள்ள டீசல்கள். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பதற்காக இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக டீசலைப் பீய்ச்சும், அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடும். குட்டிக் குட்டிப் பயணமாகவே போனால் எரிப்பு பாதியில் நின்று நின்று இது அதிகமாகும். எவ்வளவு டீசல் கலந்திருக்கும் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு மதிப்பீடு வைத்துக்கொண்டே வருகிறது. மாஸ்டா ஸ்கைஆக்டிவ் டீசலின் டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) ஃபுல் கோட்டுக்கு மேலே எக்ஸ் என்று ஒரு குறியே இருக்கும், ஆயில் மட்டம் அதுவரை ஏறிவிட்டால் மாற்றியாக வேண்டும். ஆயில் மட்டம் குறைந்தால் கவலைப்படுவோம், ஏறினால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஆயில் மாற்றிவிட்டு அந்தப் பதிவை அழிக்கச் சொல்லி மேனுவலிலேயே எழுதியிருக்கிறார்கள், ஏனென்றால் அழிக்காவிட்டால் பழைய கலப்பு அப்படியே இருப்பதாகத்தான் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் வரும் எச்சரிக்கை நிஜமா பொய்யா என்று நமக்கே தெரியாது.

நாமே பட்டனில் செய்வது

பெரும்பாலான கார்களுக்கு இதுதான் சரியான வழி. செலவு இல்லை, கருவி வேண்டாம், பல மாடல்களில் மேனுவலிலேயே முறை இருக்கிறது. புதிய கார்களில் திரையில் வாகன செட்டிங்கிற்குள் போய் பராமரிப்பு, ஆயில் ஆயுள், ரீசெட் என்று நாலு தட்டில் முடிந்துவிடும், அதைப் பற்றி விரிவாகப் பேச ஒன்றுமில்லை. திரை இல்லாத, அல்லது திரை இருந்தும் இந்த மெனு இல்லாத கார்களில்தான் வேடிக்கை.

பழைய டொயோட்டா முறையை எடுத்துக்கொள்வோம். இக்னிஷனைப் போட்டு மீட்டரில் ஓடோமீட்டர் (சில வருட மாடல்களில் டிரிப் ஏ) தெரியும்படி வைத்துவிட்டு, சாவியை ஆஃப் செய்கிறோம். இப்போது டிரிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே சாவியை மறுபடி ஆன் நிலைக்குத் திருப்ப வேண்டும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பட்டனை விடாமல் பிடித்திருந்தால் விளக்கு மினுக்கும், திரையில் சின்னச் சின்னக் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும், கடைசியில் பூஜ்யங்கள் வரிசையாக வரும், விளக்கு அணையும். இதில் தவறுகிறவர்கள் மூன்றில் ஒரு இடத்தில்தான் தவறுவார்கள்: திரை டிரிப் பியில் இருந்திருக்கும், அல்லது சாவியைத் திருப்பும்போது விரல் ஒரு நொடி எழுந்திருக்கும், அல்லது கோடுகள் மறைந்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டிருப்பார்கள். திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான், எதுவும் கெட்டுப்போகாது.

பழைய ஜிஎம் கார்கள் பலவற்றில் பட்டனே வேண்டாம். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஓடக் கூடாது, ஐந்து நொடிக்குள் ஆக்ஸிலேட்டரை மூன்று தடவை முழுசாக மிதித்து விட வேண்டும். மெதுவாக மிதித்தால் ஏற்காது, அரை மிதி மிதித்தாலும் ஏற்காது. ஃபோர்டின் சில மாடல்களில் ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக அழுத்தி இருபது இருபத்தைந்து நொடி பிடித்திருக்க வேண்டும், ரீசெட் நடக்கிறது என்று ஒரு செய்தி வந்து, பிறகு முடிந்தது என்று வரும். ஸ்டார்ட் பட்டன் உள்ள கார்களில் இங்கே ஒரு சிக்கல். பிரேக்கை மிதித்தபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிடும். எனவே காலை எடுத்துவிட்டுப் பட்டனை அழுத்தி (சில கார்களில் இரண்டு தடவை) இக்னிஷன் மட்டும் ஆன் ஆன பிறகுதான் பெடல்களில் கால் வைக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த மிதி வித்தைகளைச் செய்து பார்க்கவே கூடாது, கியரில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கையால் செய்வதில் இரண்டு இடங்களில் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும், இரண்டுமே தப்பு நடந்தாலும் அப்போதைக்கு வெளியே தெரியாத ரகம்.

ஒன்று ஹோண்டாவில். திரையில் பி13 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி என்றால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி பிரேக் முதலானவற்றைச் சோதிப்பது, 1 என்றால் டயர்களை இடம் மாற்றுவது, 3 என்றால் டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்றுவது. நீங்கள் ஆயில் மட்டும் மாற்றிவிட்டுப் பட்டனை பத்து நொடி பிடித்து, மினுக்கியதும் மறுபடி ஐந்து நொடி பிடித்து 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், பழைய மாடல்களில் 1, 3 எல்லாமே சேர்ந்து மறைந்துவிடும். டிரான்ஸ்மிஷன் ஆயிலை மாற்றியதாகவே வண்டி எடுத்துக்கொண்டு, அடுத்த நினைவூட்டலை ரொம்ப தூரத்துக்குத் தள்ளிவிடும். புதிய மாடல்களில் எந்தெந்த வேலை முடிந்ததோ அதை மட்டும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது. பழைய மாடலாக இருந்தால் ரீசெட்டுக்கு முன்னால் திரையில் உள்ள அந்த பி13 குறியீட்டை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, மிச்ச வேலை முடிகிறவரைக்கும் அந்தப் போட்டோவை அழிக்காமல் வைத்திருங்கள்.

இன்னொன்று ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஔடி பக்கம். இவற்றில் ஆயில் சர்வீஸ் ஒரு கணக்கு, இன்ஸ்பெக்ஷன் தனிக் கணக்கு. பல மாடல்களில் மீட்டரில் உள்ள 0.0 பட்டனைப் பிடித்தபடி இக்னிஷனைப் போட்டால் எதை ரீசெட் செய்ய வேண்டும் என்று கேட்கும், ஆயிலை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம், உங்கள் கார் லாங்லைஃப் என்கிற நெகிழ்வு முறையில் (30000 கி.மீ அல்லது 2 வருடம் வரை போகக்கூடியது) இருந்து, நீங்கள் மீட்டர் பட்டனில் ரீசெட் செய்தால், பல மாடல்களில் அது நிலையான இடைவெளிக்கு, பொதுவாக 15000 கி.மீ அல்லது ஒரு வருடத்துக்கு, மாறிவிடும். இதை ஒரு இழப்பு என்று புலம்புகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆயிலை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறவருக்கு இது வசதிதான், இன்ஜினுக்கும் நல்லதுதான். இல்லை, லாங்லைஃப் ஆயில் ஊற்றி நெகிழ்வு முறையிலேயே ஓட்ட வேண்டும் என்றால் மட்டும் ஸ்கேனர் வேண்டும்.

ஸ்கேனர் வாங்குவது

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற கார்களில் ஓபிடி2 என்கிற 16 முள் சாக்கெட் கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது, இன்று பெரும்பாலும் எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கேயாவது இருக்கும். அதில் புளூடூத் அடாப்டரைச் சொருகி போனில் ஆப் போட்டால் எல்லாம் செய்யலாம் என்று பலர் நம்பி வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் ரீசெட் மெனுவைத் தேடோ தேடு என்று தேடுகிறார்கள்.

ஏன் கிடைப்பதில்லை என்றால், ஓபிடி தரத்தில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்திருப்பது புகை சம்பந்தமான விஷயங்கள்தான்: ஃபால்ட் கோடு படிப்பது, அழிப்பது, இன்ஜினின் நேரடி அளவுகளைப் பார்ப்பது. சர்வீஸ் ரீசெட் அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த மொழியில் அதை வைத்திருக்கிறது. எனவே மலிவான கோடு ரீடரில் எல்லாக் கோடுகளையும் அழித்தாலும் சர்வீஸ் அறிவிப்பு அசையாது. உங்கள் கம்பெனியின் மொழி தெரிந்த கருவியோ ஆப்போ வேண்டும். ஃபோர்டு, மாஸ்டாவுக்கு ஃபோர்ஸ்கான், ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கு விசிடிஎஸ் அல்லது ஓபிடிஇலெவன் என்று ஆளுக்கொன்று இருக்கிறது. எல்லாக் கார்களுக்கும் என்று விற்கிற கையடக்க ஸ்கேனர்களிலும் ஆயில் ரீசெட் இருக்கும், ஆனால் அட்டையில் கம்பெனி பெயர் இருந்தால் போதாது, உங்கள் மாடல், உங்கள் வருடம், அதில் ஆயில் ரீசெட் என்கிற அந்தக் குறிப்பிட்ட வேலை இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்த பிறகே வாங்குங்கள்.

புதிய கார்களில் இன்னொரு கதவும் பூட்டியிருக்கிறது. ஃபியட் கிரைஸ்லர் குழுமம் 2018 வாக்கிலிருந்து பல மாடல்களில் பாதுகாப்பு கேட்வே வைத்தது, எட்டாம் தலைமுறை கோல்ஃப் வந்தபோது ஃபோக்ஸ்வாகனும் எஸ்எஃப்டி என்ற பூட்டைப் போட்டது. வெளியார் கருவி படிக்கலாம், எழுத வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும் என்கிற ஏற்பாடு. கார் திருட்டையும் ஊடுருவலையும் நினைத்தால் காரணம் புரிகிறது, சொந்தக் காரில் ஆயில் மாற்றுகிறவனுக்கு எரிச்சலாகவும் இருக்கிறது.

அப்படியென்றால் ஸ்கேனர் யாருக்கு? ஆயில் விளக்குக்காக மட்டும் என்றால், பட்டன் முறை உள்ள காருக்கு ஸ்கேனர் வாங்குவது வீண் செலவு. ஆனால் உங்கள் காரில் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருந்து பின் பிரேக் பேடை நீங்களே மாற்றுகிறவர் என்றால், பேடை அழுத்தும் கேலிப்பரின் மோட்டாரைப் பின்னுக்கு இழுக்கப் பல கார்களில் ஸ்கேனர் வேண்டும். பிஎம்டபிள்யூ மாதிரி கார்களில் புது பேட்டரி போட்டால் அதைப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடிதான் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். டிபிஎஃப்பில் எவ்வளவு கரி இருக்கிறது என்று பார்க்கலாம். இந்த வேலைகளில் ஒன்றிரண்டு இருந்தால் வாங்குங்கள், ஆயில் ரீசெட் அதோடு இலவசமாக வரும். வாங்கினால் இரண்டு விஷயம்: வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், சொருகியே விட்டால் நிறுத்திய காரில் பேட்டரியை மெல்ல உறிஞ்சும், புளூடூத்தில் வேறு யாரும் நுழையவும் வழி. அப்புறம், ரீசெட் மெனுவுக்குப் பக்கத்திலேயே காரின் அமைப்புகளை மாற்றி எழுதும் கோடிங் என்று ஒன்று இருக்கும், அங்கே கை வைக்காதீர்கள்.

வேலை செய்தவரிடமே விடுவது

ஆயிலை வெளியே கொடுத்து மாற்றுகிறீர்கள் என்றால் ரீசெட்டும் அந்த வேலையின் ஒரு பகுதிதான். தனியாகப் பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் செய்துவிடுவார்கள், ஆயில் மட்டும் மாற்றித் தரும் கடைகளில் மறப்பது அதிகம். மறந்தது தெரியாமல் கிளம்பிவிட்டால் திரும்ப வந்து வரிசையில் நிற்க வேண்டும். எனவே வண்டியை எடுக்கும் முன், அங்கேயே இக்னிஷனைப் போட்டு அடுத்த சர்வீஸ் எவ்வளவு தூரத்தில் என்று காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள். அந்த எண்ணும் சரியாக இருக்க வேண்டும். போன தடவை 15000 கி.மீ காட்டியது இந்தத் தடவை 10000 காட்டினால், கருவியில் வந்த எண்ணை அப்படியே போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அது பரவாயில்லை, சீக்கிரம் நினைவூட்டும். 30000 காட்டி, உள்ளே ஊற்றியது சாதாரண ஆயில் என்றால்தான் பிரச்சினை.

இந்த வழிக்கு இருக்கும் பெரிய பலம் விளக்கு அணைப்பதில் இல்லை, பதிவில் இருக்கிறது. பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஃபோக்ஸ்வாகன் போன்றவர்கள் காகித சர்வீஸ் புத்தகத்தை விட்டு டிஜிட்டல் பதிவுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் பட்டனில் ரீசெட் செய்தால் மீட்டர் மாறும், கம்பெனியின் அந்தப் பதிவேட்டில் ஒரு எழுத்தும் ஏறாது. வாரன்டி நடந்துகொண்டிருந்தால், அல்லது ரெண்டு வருஷத்தில் விற்கும் எண்ணம் இருந்தால், பதிவு உரிமை உள்ள இடத்தில் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வாரன்டி முடிந்த, பத்து வருஷம் ஓட்டப்போகிற காருக்கு இது பெரிய காரணமே இல்லை. வீட்டில் மாற்றினாலும் ஆயில், ஃபில்டர் வாங்கிய பில்லையும் மாற்றிய அன்று ஓடோமீட்டர் போட்டோவையும் சேர்த்து வைத்தால் வாங்குகிறவர் நம்புவதற்கு அது போதும், வெறும் சீல் குத்திய புத்தகத்தைவிட நான் அதைத்தான் அதிகம் நம்புவேன்.

இதன் பலவீனம் இதன் மறுபக்கம்தான். விளக்கை அணைப்பது இன்ஸ்பெக்ஷன் செய்வதைவிடச் சுலபம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் ரீசெட் செய்துவிட்டு பிரேக் ஃப்ளூயிடைத் தொடாமல் அனுப்பினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? பில்லில் வரிவரியாக என்ன மாற்றினார்கள் என்று போடச் சொல்லுங்கள், அந்த வரிகளோடு மீட்டரில் ரீசெட் ஆன கணக்குகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியே விட்டுவிடுவது

இதைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம், சில கார்களுக்கு இது நியாயமான முடிவுதான். வெறும் தூரக் கவுன்டர் உள்ள பழைய பெட்ரோல் கார், நீங்கள் தேதியும் கிலோமீட்டரும் எழுதி பானட்டுக்கு உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள் என்றால், விளக்கு எரிவதால் இன்ஜினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. சக்தி குறையாது, எரிபொருள் கூடாது.

எனக்கு இதில் பிடிக்காதது வேறு. எப்போதும் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிற மீட்டரில் பக்கத்தில் புதிதாக இன்னொன்று எரிந்தால் கண் கவனிக்காது. ஒரே காரை வீட்டில் நாலு பேர் ஓட்டினால் இன்னும் மோசம், அது எப்பவுமே எரியும் என்று ஒருவர் சொல்லிவிடுவார், மற்றவர்கள் எதையும் பார்க்க மாட்டார்கள். சதவீதம் போடும் கார்களில் விட்டுவிட்டால் நல்ல ஒரு கணக்கையே தூக்கிப் போட்ட மாதிரி. மேலே சொன்ன டீசல்களில் விடவே கூடாது.

குறித்து வைப்பதைப் பொறுத்தவரை, நீங்கள் எந்த வழியை எடுத்தாலும் அது வேண்டும். கணக்குப் போடும் கார்களில்கூட சதவீதம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றச் சொல்கிறது ஜிஎம். குறைவாக ஓடும் கார்களில் தூரக் கணக்கை நம்பினால் ஆயில் வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்கும்.

நடுவில் வரும் சில்லறைச் சிக்கல்கள்

40 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே ஆயில் மாற்றிவிட்டீர்கள், விளக்கு எரியவே இல்லை, ரீசெட் வேண்டுமா? வேண்டும். இந்த நேரத்தில்தான் பலர் மறக்கிறார்கள். மறந்தால் புது ஆயிலோடு இருக்கும்போதே, சீக்கிரத்தில் மாற்றச் சொல்லி அறிவிப்பு வரும்.

மாற்றாமலே கை தவறி ரீசெட் ஆகிவிட்டால், பெரும்பாலான கார்களில் பழைய எண்ணுக்குத் திரும்ப முடியாது. ஸ்கேனரில் எண்ணை எழுதும் வசதி சில கம்பெனிகளில் உண்டு, இல்லாதவர்கள் போன தடவை மாற்றிய கிலோமீட்டரைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டு மாற்றிவிட்டு, அப்போது இன்னொரு தடவை முறையாக ரீசெட் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பழைய கார் வாங்கும்போது மீட்டர் 85 சதவீதம் என்று காட்டினால் அதை நம்பி ஆயில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். விற்கிறவர் ஆயிலை மாற்றினாரா, பட்டனை மட்டும் அழுத்தினாரா என்று அந்த எண் சொல்லாது. பில் இல்லை என்றால் மாற்றிவிட்டு அன்றிலிருந்து உங்கள் கணக்கை ஆரம்பியுங்கள்.

கடைசியாக, ரீசெட் ஆகிவிட்டது, திரையிலும் வந்தது, மறுநாள் ஸ்டார்ட் செய்தால் திரும்ப அறிவிப்பு வருகிறது என்றால் முறை தப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பிஎம்டபிள்யூவில் ஆயில், பிரேக் ஃப்ளூயிட், முன் பேட், பின் பேட், வண்டிச் சோதனை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, ஃபோக்ஸ்வாகனில் இன்ஸ்பெக்ஷன் தனி. ஆயில் கணக்கு சரியாகியிருக்கும், இப்போது எரிவது அடுத்ததாக இருக்கும். மெனுவில் எது பாக்கி என்று பார்த்துவிட்டு, அந்த வேலையைச் செய்த பிறகு அதை ரீசெட் செய்யுங்கள்.